வேலைக்கும் ஒரு பதம் உண்டு



மளிகைக் கடைக்காரருக்கு என்ன வேலை, கல்லாவில் உட்கார்ந்து காசை வாங்கிப் போடுவதுதானே என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். கடைக்குள் இருப்பவருக்குத்தான் உண்மை தெரியும். சிறு கடையில் முதலாளியும் நாமே, கணக்குப்பிள்ளையும் நாமே, கொள்முதல் பார்ப்பவரும் நாமே. ஆள் வராத நாளில் மூட்டை தூக்குபவரும் நாமே.

துவரம்பருப்பு தீர்ந்துவிட்டது, சொல்லி அனுப்ப வேண்டும். மொத்தக் கடைக்குப் பணம் போட வேண்டும். தராசுக்கு முத்திரை வைக்கும் நாள் நெருங்குகிறது. ஆடிட்டர் பில்களைக் கேட்கிறார். ஷட்டர் துருப்பிடித்து இறங்க மறுக்கிறது. வீட்டிலோ பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்குக் கடைசி நாள். இத்தனையும் ஒரே தலைக்குள் ஓடிக்கொண்டிருக்க, கை ஐம்பது கிராம் சீரகம் நிறுத்துக் கொண்டிருக்கிறது. இரவு கடை சாத்தும்போது, நாள் முழுவதும் நின்றும் எதுவும் முடியவில்லையே என்ற அலுப்புதான் மிஞ்சுகிறது.

இதற்குக் காரணம் வேலை அதிகம் என்பது மட்டுமன்று. எல்லா வேலையையும் ஒரே வரிசையில், ஒரே அவசரத்தில் நிறுத்தி வைத்திருக்கிறோம் என்பதே பெரிய காரணம் என்பது நம் கருத்து.

கல்லாவுக்கு அருகில் ஒரு நோட்டு

நமக்கு வர வேண்டிய கடன் இரண்டு ரூபாயானாலும் நோட்டில் எழுதி வைக்கிறோம். நாம் செய்ய வேண்டிய வேலையை மட்டும் மனத்தில் வைத்துக் கொள்கிறோம். அதற்கு வட்டி இல்லை என்ற நினைப்பு! வட்டி உண்டு. அதைத் தூக்கத்தில் கட்டுகிறோம்.

புளூமா ஜைகார்னிக் என்ற பெண் ஆய்வாளர், முடிந்த வேலையைவிட முடியாத வேலையே மனத்தில் அதிகம் நிற்கிறது என்று 1927-இல் ஆய்வு வெளியிட்டார். ஓட்டலில் பணம் கொடுக்காத மேசையின் கணக்கு பரிமாறுபவருக்கு நன்றாக நினைவிருக்கும், பணம் வந்ததும் மறந்துவிடும் என்பதுதான் இந்த ஆய்வுக்குத் தூண்டுதலாக இருந்ததாகச் சொல்வார்கள். 2011-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் இருவர் இதற்கு மேலும் ஒன்று கண்டார்கள். வேலை முடியாவிட்டாலும், அதை எப்போது எப்படிச் செய்வது என்று திட்டமிட்டுவிட்டாலே மனத்தின் நச்சரிப்பு குறைகிறதாம்.

ஆகவே முதல் காரியம், கடன் நோட்டுக்குப் பக்கத்தில் ஒரு வேலை நோட்டு. கைப்பேசியில் ஒன்று, சிகரெட் அட்டையில் ஒன்று, காலண்டர் தாளில் ஒன்று என்று சிதற வேண்டாம். ஒரே நோட்டு போதும். நினைவுக்கு வந்தது எதுவானாலும் வந்த நொடியில் அதில் ஏற வேண்டும்.

உப்பளம் சொல்லும் பாடம்

எழுதிவிட்டால் மட்டும் போதுமா? எழுபது வரி கொண்ட பட்டியலைப் பார்த்தால் பயம்தான் கூடும். எதை எப்போது செய்வது என்பதற்கு நம் மரக்காணம் உப்பளத்தைவிட நல்ல ஆசான் இல்லை.

கடல்நீர் பாத்திக்கு வரும்போது ஏறத்தாழ 3 டிகிரி அடர்த்தியில் இருக்கிறது. வெயிலில் காய்ந்து, பாத்தி மாறி மாறி, 25 டிகிரியை எட்டும்போதுதான் உப்பு பூக்கிறது. அதற்கு முன்பு பலகை போட்டு வாரினால் சேறுதான் வரும். 29, 30 டிகிரிக்கு மேல் விட்டுவிட்டால் மக்னீசிய உப்புகள் கலந்து கசந்துவிடும். உப்பளத்தில் பாத்திகள் நூறு இருக்கலாம். ஆனால் இன்று பதம் வந்த பாத்தியில்தான் இன்று ஆள் இறங்குகிறார். மற்றப் பாத்திகள் அதனதன் இடத்தில் காய்ந்து கொண்டிருக்கின்றன. அவற்றைப் பற்றி அவருக்குப் பதற்றம் இல்லை.

நம் வேலைகளும் அப்படித்தான். ஒவ்வொன்றுக்கும் ஒரு பதம் உண்டு. பதத்துக்கு முன் கையை வைத்தால் நேரம் வீண். பதம் தப்பினால் நட்டம்.

தேதி உள்ள வேலைகள் முதலில் வரட்டும். ஜி.எஸ்.டி.யில் மாதாந்திரக் கணக்கு கொடுப்பவருக்கு விற்பனை விவரம் 11-ஆம் தேதி, வரியோடு கூடிய கணக்கு 20-ஆம் தேதி. காலாண்டுத் திட்டத்தில் இருப்பவருக்கு நாள் வேறு. காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர் காலாண்டு முடிந்த அடுத்த மாதம் 18-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். மாதக் கணக்கு தாமதமானால் நாளுக்கு 50 ரூபாய், விற்பனையே இல்லாத கணக்கானாலும் 20 ரூபாய். இதற்கு உச்சவரம்பு உண்டு என்றாலும், கட்டாத வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி தனி. மின்னணுத் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை வேண்டும். பேரூராட்சிக்குத் தொழில் வரி அரையாண்டுக்கு ஒரு முறை. இவை எல்லாம் முன்கூட்டியே தெரிந்தவை. ஏப்ரலில் உட்கார்ந்து ஓராண்டுக்கான தேதிகளை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவிட்டால், அவை தலையை விட்டு இறங்கிவிடும். 20-ஆம் தேதி வேலையை 20-ஆம் தேதி இரவில் செய்யாமல் 15-ஆம் தேதியே பில்களைக் கொடுத்துவிடுவதுதான் பதம்.

அடுத்து, பருவம் பார்த்துச் செய்யும் வேலைகள். நம் கரையில் தை, மாசியில் தொடங்கும் உப்பு புரட்டாசியோடு ஓய்கிறது. பிறகு மூன்று மாதம் மழை. புயலும் நமக்குப் புதிதன்று. 2011 டிசம்பரில் தானே, 2020 நவம்பரில் நிவர், 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் என்று இந்தக் கரை பார்த்துவிட்டது. ஃபெஞ்சலில் உப்பளங்கள் வெள்ளக்காடாகக் கிடந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. கூரை ஓட்டை, ஷட்டருக்குக் கிரீஸ், மூட்டைக்கு அடியில் மரப்பலகை, கணக்கு நோட்டுக்குப் பிளாஸ்டிக் உறை, காப்பீட்டுப் புதுப்பிப்பு ஆகியவை ஆவணி, புரட்டாசியில் செய்யும் வேலைகள். புயல் எச்சரிக்கை வந்த பிறகு தார்ப்பாய் தேடிப் போனால் விலையும் இரட்டிப்பு, சரக்கும் இருக்காது. பழங்காலத்தில் வண்டி கட்டி உப்பு விற்ற உமணர்கள், வழியில் அச்சு முறிந்தால் மாற்றுவதற்கென்று வண்டிக்கு அடியிலேயே இன்னோர் அச்சைக் கட்டிக்கொண்டு போனார்கள் என்று புறநானூற்றில் ஔவையார் பாடல் ஒன்று தெரிவிக்கிறது. நம் தொழிலின் முன்னோர் அவர்கள்.

மூன்றாவது, கடன் வசூல். இதற்கும் பதம் உண்டு. உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு மழை மாதங்களில் கூலி இல்லை. அந்த மாதங்களுக்கென 5,000 ரூபாய் நிவாரணத் திட்டத்தைத் தமிழக அரசு 2021-இல் அறிவித்தது. அதை வைத்து ஒரு குடும்பம் மூன்று மாதம் ஓட்ட முடியுமா என்பது நமக்கே தெரியும். கார்த்திகையில் போய்க் கடன் கேட்டால் பணமும் வராது, வாடிக்கையும் போகும். மாசி, பங்குனியில் உப்பு வாரத் தொடங்கியதும் சிறு தவணையாகக் கேட்டால் முகம் கோணாமல் கொடுப்பார்கள். அந்த இரண்டு மாதத்தில் வாரத்துக்கு ஒரு மாலை வசூலுக்கென்று ஒதுக்குங்கள். அதைத் தவறவிட்டால் அடுத்த மழைக்குப் பழைய கடன்மேல் புதுக்கடன் ஏறும். கடை மூடுவதற்குப் பெரிய போட்டியாளர் தேவையில்லை. பதம் தப்பிய வசூலே போதும்.

ஒரு நாளைக்கு மூன்று

அமெரிக்காவின் பெத்லகேம் எஃகு நிறுவனத் தலைவர் சார்லஸ் ஷ்வாபுக்கு 1918-இல் ஐவி லீ என்ற ஆலோசகர் ஒரு யோசனை சொன்னதாக ஒரு கதை நெடுங்காலமாக வழங்கி வருகிறது. நாளை செய்ய வேண்டிய ஆறு வேலைகளை மட்டும் முதல்நாள் மாலையே முக்கிய வரிசையில் எழுது, காலையில் முதலாவதை முடித்துவிட்டு இரண்டாவதற்குப் போ என்பதுதான் யோசனை. எஃகு ஆலைத் தலைவருக்கு ஆறு என்றால், வாடிக்கையாளர் குறுக்கே வந்துகொண்டேயிருக்கும் நமக்கு மூன்று போதும். கடை சாத்துவதற்கு முன் ஐந்து நிமிடம் நோட்டைத் திறந்து, நாளை பதம் வருகிற மூன்று வேலைகளுக்கு மட்டும் குறி போடுங்கள். மற்றவை காய்ந்து கொண்டிருக்கட்டும்.

நாளின் ஒரு பகுதியைக் காலியாகவும் வையுங்கள். எதிர்பாராதது வந்தே தீரும். 2025 செப்டம்பர் 22-ஆம் தேதி ஜி.எஸ்.டி. விகிதங்கள் மாறி, சோப்பு, ஷாம்பு, பற்பசை, பிஸ்கட் எல்லாம் 5 சதவீதத்துக்கு வந்தன. அறிவிப்புக்கும் அமலுக்கும் இடையில் மூன்று வாரம்கூட இல்லை. இருப்புக் கணக்கு கையில் வைத்திருந்தவருக்கு விலை மாற்றுவது எளிதாக இருந்திருக்கும். இல்லாதவர் அலமாரியைப் பிரித்து முதலிலிருந்து எண்ண வேண்டியிருந்திருக்கும்.

கொடுப்பதும் அடிப்பதும்

நோட்டில் உள்ள எல்லாமே நாம் செய்ய வேண்டியவையா? ஒவ்வொரு வரியின் எதிரிலும், இதை வேறு யார் செய்யலாம் என்று கேட்டுப் பாருங்கள். கணக்கு எழுத வீட்டம்மாவுக்கு நம்மைவிட நன்றாக வரும். அப்படி எழுதினால் அது உதவியன்று, உழைப்பு. அதற்குரிய மதிப்பும் பங்கும் அவருக்கு உண்டு. தினமும் சரக்கு தீர்ந்ததைக் குறிக்கக் கடைப் பையனுக்கு ஒரு சிலேட்டு கொடுங்கள். முதல் மாதம் தவறு வரும். பொறுத்துக் கொள்ளுங்கள். 'நான் பார்க்காவிட்டால் எதுவும் நடக்காது' என்பதைப் பலர் பெருமையாகச் சொல்கிறோம். ஒரு நாள் காய்ச்சலில் படுத்தால் கடையே படுத்துவிடும் என்பதுதான் அதன் பொருள்.

மூன்று மாதமாக ஒரு வேலை நோட்டில் அசையாமல் கிடந்தால், அது தேவையா என்று யோசித்து அடித்துவிடுங்கள். அடிப்பதும் முடிவுதான்.

கூட்டத்தில் நிற்கும்போது எழுத நேரம் ஏது என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஒரு நோட்டு, சட்டங்களின் எண்ணிக்கையைக் குறைக்காது. சிறு கடைக்கு இத்தனை படிவங்கள் ஏன் என்று அரசிடம் கேட்க வேண்டியது தனி வேலை, அதைக் கைவிடவும் கூடாது. ஆனால் அந்தப் பதில் வரும்வரை கடையை நடத்தியாக வேண்டும்.

இங்கேதான் சங்கங்களுக்கு வேலை இருக்கிறது. நூறு கடைக்காரர்கள் தனித்தனியே ஒரே தேதியை நினைவு வைத்துத் தவிப்பதைவிட, ஊர்ச் சங்கம் ஆண்டுத் தொடக்கத்தில் எல்லாத் தேதியும் போட்ட ஒரு தாளை அச்சிட்டுத் தரலாம். முத்திரைக்குத் தனித்தனியே அலையாமல், அதிகாரிகளைக் கேட்டு ஊரிலேயே முகாம் நடத்தலாம். பத்துச் சிறு கடைகள் சேர்ந்து ஒரு கணக்காளரை வைத்துக் கொள்ளலாம். புரட்டாசிக் கூட்டத்தில் மழைக்கால ஏற்பாட்டைப் பொருளாக வைக்கலாம். மே 5 வணிகர் தினத்தன்று ஒன்று கூடுகிற நாம், மற்ற நாள்களின் சுமையிலும் ஒருவருக்கொருவர் தோள் கொடுக்க முடியாதா?

இன்று இரவு கடை சாத்துவதற்கு முன் ஒரு நோட்டை எடுங்கள். தலையில் இருப்பதையெல்லாம் அதில் இறக்குங்கள். நாளைக்குப் பதமான மூன்றுக்குக் குறி போடுங்கள். பிறகு விளக்கை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போய் நிம்மதியாகச் சாப்பிடுங்கள். காலையில் கடையும் இருக்கும், நோட்டும் இருக்கும்.