பாட்டரிக்குப் பாதிப் பணமா?

காப்பீட்டுத் துறையை ஒழுங்குபடுத்தும் அலுவலகத்தின் தலைவர் அவர்களுக்கு,

அரசு அலுவலகங்களுக்கு 10,000 மின்சார கார்கள் வாங்க 2017-இல் டெண்டர் விட்டது எனர்ஜி எஃபிஷியன்சி சர்வீசஸ் நிறுவனம். அரசே ஓட்டுகிற வண்டி என்று நம்பிப் பிறகு குடும்பங்களும் வாங்கின. கார் அடிபட்ட பிறகுதான் உங்கள் விதிகள் அவர்கள் கண்ணில் படுகின்றன.

அடிப்படை மோட்டார் பாலிசியில் ரப்பர், பிளாஸ்டிக் பாகங்கள், டயர், பாட்டரி, ஏர்பேக் எல்லாவற்றுக்கும் ஒரே கணக்கு: கார் வாங்கிய மறுமாதமே ஆனாலும் 50 சதவீதத் தேய்மானம். 2002-ஆம் ஆண்டு மோட்டார் டாரிஃப் காலத்து ஏற்பாடு இது. அன்று பாட்டரி என்றால் சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் 12 வோல்ட் ஈயப் பெட்டி. இன்று மின்சார காரில் பாட்டரியே மிக விலையுயர்ந்த பாகம்; எட்டு ஆண்டு வாரண்டியோடு விற்கிறார்கள். அதை டயரோடு சேர்த்து எண்ணலாமா? ஆறு லட்ச ரூபாய் பாட்டரி சேதமானால், மூன்று லட்சம் உரிமையாளர் தலையில்.

தேய்மானம் கழிக்காத கூடுதல் காப்பீடு இருக்கிறதே என்பீர்கள். அதற்குத் தனிப் பிரீமியம். அதுவும் பொதுவாகக் காரின் முதல் சில ஆண்டுகளுக்குத்தான்.

இன்னொரு சிக்கல், சேதத்தை மதிப்பிடச் சர்வேயர் வரும்போது. வேகத்தடையிலோ கல்லிலோ அடிப்பகுதி உரசி உறை நசுங்கினால், உள்ளே செல்கள் நலமா என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. அதைச் சொல்லும் தரவு தயாரிப்பாளர் கையில். ‘முழு பாட்டரியையும் மாற்றுங்கள்’ என்று சர்வீஸ் சென்டர் எழுதிவிட்டால், செலவு, காப்பீடு தரும் உச்சத் தொகையான ஐ.டி.வி.யில் 75 சதவீதத்தைத் தாண்டி வண்டி ‘டோட்டல் லாஸ்’ ஆகிவிடலாம். ஓராண்டு முடிந்த காரின் ஐ.டி.வி. 20 சதவீதம் குறைந்திருக்கும். வங்கிக் கடனோ அந்த வேகத்தில் குறைவதில்லை.

மின் வாகனங்களுக்கு மூன்றாம் நபர் பிரீமியத்தில் 15 சதவீதத் தள்ளுபடி 2022-இல் வந்தது. இவை தனி வகை வண்டிகள் என்பதை அரசு அன்றே ஏற்றுக்கொண்டது. சலுகைக்கு ஒரு கண், இழப்பீட்டுக்கு வேறு கண் எதற்கு?

ஆகவே, காரை ஓட்டும் பாட்டரியை 50 சதவீதப் பட்டியலிலிருந்து நீக்கி, அதன் வயதையும் மீதமுள்ள திறனையும் வைத்துத் தேய்மானம் கணக்கிட ஆணையிடுங்கள். டோட்டல் லாஸ் என்று முடிவெடுக்கும் முன் பாட்டரியின் சோதனை அறிக்கையை உரிமையாளருக்கும் கொடுக்க வேண்டும். பழுதான மாட்யூலை மட்டும் மாற்ற முடியுமா என்பதைச் சர்வேயர் எழுத்தில் பதிவு செய்ய வேண்டும். இவை நிறுவனங்களின் பெருந்தன்மைக்கு விடக்கூடியவை அல்ல. விதியைத் திருத்த நாளாகும் என்றால், சோதனை அறிக்கைக்காவது இப்போதே ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஆசிரியர்