விசில் ஊதுபவரா, ஆசிரியரா?

பல்கலைக்கழகத்து விளையாட்டுப் பயிற்றுவிப்பாளரை நம்மவர்கள் ஒரு பொருட்டாக மதிப்பதில்லை. விரிவுரையாளர் அறிவு புகட்டுபவர். இவரோ மாலையில் விசில் ஊதுபவர். இந்த எண்ணம் வெறும் அறியாமை என்பதைச் சொல்லித்தான் ஆகவேண்டும்.

ஹைதராபாத்தின் சையத் அப்துல் ரஹீமை எண்ணிப் பாருங்கள். உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் பயின்று, அங்கே பந்தாடி, பட்டம் பெற்றுப் பள்ளி ஆசிரியரானவர். வலிமை குறைந்த காலால் மட்டுமே ஆடவேண்டும் என விதித்துப் போட்டிகள் நடத்தியவர். ஒரு மாணவனின் பலவீனத்தைக் கண்டறிந்து அதையே பாடமாக்குவது ஆசிரியத் தொழிலன்றி வேறென்ன? அவர் பயிற்றுவித்த ஹைதராபாத் பொலிஸ் அணி 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து ரோவர்ஸ் கிண்ணங்களை வென்றது. இந்திய அணி 1951இலும் 1962இலும் ஆசிய விளையாட்டுத் தங்கம் பெற்றது; 1956 மெல்பேர்ன் ஒலிம்பிக்கில் நான்காமிடம். ஜகார்த்தாவில் தென்கொரியாவை 2-1 என வென்றபோது புற்றுநோய் அவரை அரித்துக்கொண்டிருந்தது. 1963இல் மறைந்தார். பல்கலைக்கழகம் உருவாக்கிய மனிதரின் அறுவடையைப் பொலிஸ் அணி கொண்டுபோனது.

பம்பாயில் பிறந்த அன்சன் டொரன்ஸ், அமெரிக்காவின் வட கரோலினா பல்கலைக்கழக மகளிர் அணியை 1979 முதல் 2024 வரை பயிற்றுவித்து 22 தேசியப் பட்டங்களை ஈட்டினார். ஒரே நிறுவனம் அவருக்கு நான்கு தசாப்தங்களுக்கும் மேல் இடமளித்தது. முன்னாள் வீராங்கனைகள் இருவர் 1998இல் அவர்மீது வழக்குத் தொடுத்ததும், பின்னர் அது இணக்கத்தில் முடிந்ததும் மறைக்கத் தக்கவையல்ல. இடம் கொடுக்கும் நிறுவனம் கணக்கும் கேட்கவேண்டும்.

1995இல் தொடங்கி, 1996இல் முழுமை பெற்ற ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் நமது கல்விக்காகப் பிறந்தது, பந்துக்காக அல்ல என்பார்கள் சிலர். ரஹீமின் வகுப்பறை எங்கே முடிந்தது, மைதானம் எங்கே தொடங்கியது என்று அவர்கள் பிரித்துக் காட்டட்டும்! கல்முனை தொட்டு அக்கரைப்பற்று வரை கடற்கரை மணலில் உதைபந்தாடி வளரும் பிள்ளைகள் நமக்குண்டு. அவர்களுள் பல்கலைக்கழகம் புகுவோர், புத்தகத்தோடு பந்தையும் கைவிட்டுவிடக் கூடாதே என்பதுதான் என் வழக்கு.

கிண்ணத்தோடு படம் பிடித்துக்கொள்ள முண்டியடிப்பவர்கள், அதை வென்று தருபவருக்கு நிலையான பதவியும், நீண்ட காலமும், ஆசிரியர் என்ற மதிப்பும் வழங்க முன்வரட்டும். கைதட்டலை அதன்பின் வைத்துக்கொள்ளலாம்.