ஒருத்தருக்கு ஒரு ஆயுள்தானே... அப்புறம் எதற்கு ஐந்து ஆயுள் தண்டனை?

2025 மே 13. பொள்ளாச்சி பாலியல் வழக்கில் கோவை மகளிர் நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. ஒன்பது பேரும் குற்றவாளிகள், ஒன்பது பேருக்கும் சாகும் வரை சிறை. ஆனால் தண்டனைக் கணக்கு ஆளுக்கு ஆள் மாறியது. சிலருக்கு ஒரு ஆயுள் தண்டனை, சிலருக்கு மூன்று, அதிகபட்சமாக ஐந்து.

இப்படி ஒரு தலைப்பு வரும்போதெல்லாம் எழும் கேள்வி ஒன்றுதான். மனுஷனுக்கு இருப்பதே ஒரு ஆயுள். அதில் எப்படி ஐந்து முறை தண்டனை அனுபவிப்பது? கேட்க வேடிக்கையாக இருந்தாலும், இதற்கான பதிலில்தான் பாதிக்கப்பட்டவர்களின் நியாயம் அடங்கியிருக்கிறது.

முதலில், ஆயுள் என்றால் எத்தனை வருஷம்?

'ஆயுள்னா 14 வருஷம்', 'ஜெயில்ல பகலும் ராத்திரியும் தனித்தனி நாள், அதனால ஏழு வருஷத்துல வந்துடலாம்' என்று டீக்கடை முதல் வாட்ஸ்அப் வரை பேசிக்கொள்கிறார்கள். இரண்டுமே தப்பு. ஆயுள் தண்டனை என்றால் மிச்சமிருக்கும் வாழ்நாள் முழுக்கச் சிறை. காந்தி கொலை வழக்கில் ஆயுள் தண்டனை பெற்ற கோபால் கோட்சே, தன் தண்டனைக் காலம் முடிந்துவிட்டது என்று விடுதலை கேட்டபோது, 1961-லேயே உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது.

அப்படியென்றால் 14 எங்கிருந்து வந்தது? கொலை மாதிரி மரண தண்டனைக்கும் வாய்ப்புள்ள குற்றங்களில் ஆயுள் கைதியாக இருப்பவரை, குறைந்தது 14 வருஷம் உள்ளே இருந்த பிறகுதான் அரசு தண்டனையைக் குறைத்து வெளியே விட முடியும் என்கிறது சட்டம். அதாவது 14 வருஷம் முடிந்தால் அரசு பரிசீலிக்கலாம், அவ்வளவுதான். விடுதலை தானாக வராது.

அப்புறம் எதற்கு ஐந்து?

நீதிமன்றம் ஆளை வைத்துக் கணக்குப் போடுவதில்லை, குற்றத்தை வைத்துப் போடுகிறது. மூன்று பேரைக் கொன்றவர் மீது மூன்று கொலைக் குற்றங்கள். ஒவ்வொன்றும் தனியாக நிரூபிக்கப்பட வேண்டும், ஒவ்வொன்றுக்கும் தனித் தண்டனை உண்டு. மூன்றையும் சேர்த்து ஒரே பில்லாகப் போட்டுவிட்டால், இரண்டு உயிர்களுக்குக் கணக்கே இல்லாமல் போய்விடும்.

இதில் நடைமுறைப் பயனும் உண்டு. மேல்முறையீட்டில் ஒரு குற்றச்சாட்டு சாட்சி போதாமல் விழுந்துவிட்டால், மற்ற தண்டனைகள் அப்படியே நிற்கும். ஒரு கயிறு அறுந்தாலும் மற்றது பிடித்துக்கொள்ளும்.

ஒன்று முடிந்து இன்னொன்றா?

அமெரிக்காவில் அப்படித் தீர்ப்பு வருவது உண்டு. 2012-ல் கொலராடோ மாநிலத்தின் அரோரா நகரத் தியேட்டரில் 12 பேரைச் சுட்டுக் கொன்ற ஜேம்ஸ் ஹோம்ஸுக்கு 2015-ல் விதிக்கப்பட்டது 12 ஆயுள் தண்டனை, அதற்கு மேல் 3,318 ஆண்டுகள்.

இந்தியாவில் அது செல்லாது. இதை முடிவு செய்ததே தமிழ்நாட்டில் இருந்து போன ஒரு வழக்குதான். ஒரே சம்பவத்தில் நடந்த பல கொலைகளுக்கு விதித்த ஆயுள் தண்டனைகளை ஒன்றன்பின் ஒன்றாக அனுபவிக்க வேண்டும் என்று உத்தரவாகியிருந்தது. அதைப் பரிசீலித்த உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, 2016 ஜூலை 19-ல் தீர்ப்பளித்தது. ஒரு ஆயுள் முடிந்தால் ஆளே இல்லை, பிறகு இரண்டாவது எப்படித் தொடங்கும்? அதனால் எல்லா ஆயுள் தண்டனைகளும் ஏககாலத்தில்தான் ஓடும் என்றது அமர்வு.

அதோடு நிற்கவில்லை. இந்தத் தண்டனைகள் ஒன்றின் மேல் ஒன்றாகப் படிந்திருக்கும், ஒன்றில் அரசு சலுகை கொடுத்தால் அது மற்றவற்றுக்குத் தானாகப் பொருந்தாது என்றும் சொன்னது. ஒரே கதவில் ஐந்து பூட்டு போட்ட மாதிரி. ஒன்றைத் திறந்தால் போதாது.

பூட்டு உறுதியானதா?

இங்குதான் சிக்கல். 1997-ல் மேலவளவில் ஊராட்சித் தலைவர் முருகேசன் உட்பட ஆறு தலித்துகள் கொல்லப்பட்டார்கள். அந்த வழக்கின் ஆயுள் கைதிகளில் 13 பேர் எம்.ஜி.ஆர். நூற்றாண்டையொட்டி 2019-ல் வெளியே வந்தார்கள். தருமபுரி பஸ் எரிப்பில் மூன்று மாணவிகள் இறந்த வழக்கில், மரண தண்டனை 2016-ல் ஆயுளாகக் குறைக்கப்பட்ட மூவரும் 2018-ல் விடுதலை ஆனார்கள்.

இப்படி நடக்காமல் இருக்கத்தான் சில தீர்ப்புகளில் 'சலுகை இல்லாமல்' அல்லது 'சாகும் வரை' என்ற வார்த்தைகள் வருகின்றன. உயர் நீதிமன்றங்களும் உச்ச நீதிமன்றமும் அப்படி விதிக்கலாம் என்று 2015-ல் ராஜீவ் கொலைக் கைதிகள் தொடர்பான தீர்ப்பு உறுதி செய்தது. கூட்டுப் பாலியல் வன்கொடுமை போன்ற சில குற்றங்களில் ஆயுள் என்றாலே மிச்ச வாழ்நாள் என்று சட்டமே சொல்கிறது. ஆனால் அரசியல் சாசனத்தின் 72, 161-வது பிரிவுகளில் குடியரசுத் தலைவருக்கும் ஆளுநருக்கும் உள்ள மன்னிப்பு அதிகாரத்தை எந்தத் தீர்ப்பும் பறிக்க முடியாது.

அந்த அதிகாரம் தேவையில்லை என்று சொல்ல முடியாது. இருபது வருஷம் உள்ளே இருந்து திருந்தியவர், தீராத நோயாளி, முதியவர் ஆகியோருக்கு அது ஒரு கதவு. ஆனால் யாருக்கு, ஏன் திறந்தார்கள் என்பது வெளிப்படையாகத் தெரிய வேண்டும். தலைவர்களின் பிறந்தநாள் மட்டும் அதற்குக் காரணமாக இருக்க முடியாது. விடுதலைக்கு முன் பாதிக்கப்பட்ட குடும்பத்திடம் ஒரு வார்த்தை கேட்பதும் நியாயம்.

எனவே அடுத்த முறை 'இரட்டை ஆயுள்', 'ஐந்து ஆயுள்' என்று தலைப்பைப் பார்த்தால், எண்ணோடு நிறுத்திவிடாதீர்கள். எண் சொல்வது எத்தனை குற்றம் நிரூபணமானது என்பதை. அவர் எப்போது வெளியே வருவார் என்பது, அதற்குக் கீழே இருக்கும் 'சலுகை உண்டா, இல்லையா' என்ற ஒரு வரியில் இருக்கிறது.