ஜூன் விதைக்கு, ஐப்பசி கன்றுக்கு
பள்ளிக்கல்வித் துறை அமைச்சருக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு அமைச்சர் அவர்களுக்கு,

அரசு நடுநிலைப் பள்ளி ஒன்றின் மேலாண்மைக் குழுவில் இருக்கும் பெற்றோர் நான். நிதி கேட்டு இதை எழுதவில்லை. ஒரு தேதியை மாற்றித் தரக் கேட்டு எழுதுகிறேன்.

ஜூன் 5 வந்தால் பள்ளிதோறும் கன்று நடுவிழா. வாழ்த்துரை, உறுதிமொழி, புகைப்படம். படம் மேலிடத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் விழா முடிந்தது. உலகச் சுற்றுச்சூழல் நாளாக ஐ.நா. 1972-இல் குறித்த அந்தத் தேதி எல்லா நாட்டுக்கும் பொது, மழை அப்படியல்ல. தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவத்தில்தான் பெய்கிறது. நீலகிரி, கன்னியாகுமரி போன்ற இடங்களில் ஜூனில் நடலாம். மற்ற பல மாவட்டங்களில் அது கத்திரி முடிந்தும் வெயில் விடாத மாதம். 2023-இலும் 2024-இலும் வெயிலுக்காகப் பள்ளித் திறப்பையே ஜூன் 5-க்கு அப்பால் தள்ளிவைத்தது அரசு. பிள்ளைக்கு ஆகாத வெயில் கன்றுக்கு மட்டும் ஆகுமா?

கன்று காய்கிறது. அடுத்த ஆண்டு அதே குழியில் இன்னொன்றை வைக்கிறோம். நட்டால் போதும், பிழைத்ததா என்று யாரும் கேட்கப்போவதில்லை என்பதைப் பிள்ளைகள் பக்கத்தில் நின்று கற்றுக்கொள்கிறார்கள். பாடநூல் சொல்வதைவிட இது ஆழமாகப் பதியும்.

ஜூனுக்கென்று வேறு வேலை இருக்கிறது. ஆனி, ஆடியில் வேப்பம்பழம் உதிரும், நாவல் பழுக்கும். இரண்டின் விதைக்கும் ஆயுள் குறைவு. எடுத்துவைத்தால் சில வாரங்களில் முளைப்புத்திறன் போய்விடும். எங்கள் பிள்ளைகள் மரத்தடியில் பொறுக்கிய வேப்பம்பழத்தைத் தண்ணீரில் பிசைந்து, சதையைக் கழுவி, கொட்டையை நிழலில் உலர்த்துகிறார்கள். அடியில் ஓட்டை போட்ட பால் கவரில் செம்மண்ணும் மணலும் மட்கிய உரமும் நிரப்பி ஊன்றுகிறார்கள். சத்துணவுக் கூடத்துக் காய்கறித் தோலும் முட்டை ஓடும் அந்த உரக்குழிக்குத்தான் போகின்றன. முளைக்காத கவர் ஒன்றைக் கிளறிப் பார்த்த ஆறாம் வகுப்பு மாணவி, "விரல் முழுக்க உள்ளே விட்டு ஊன்றியிருக்கே, அதான் வரல" என்று தோழியைக் கடிந்துகொண்டாள். சுற்றுச்சூழல் கல்வி என்று நான் நினைப்பது இதைத்தான். ஐப்பசி மழையில் மண் நனையும்போது அவர்கள் வளர்த்த கன்று கையில் தயாராக இருக்கும்.

ஆகவே மூன்று கோரிக்கைகள்.

முதலாவது, ஜூன் 5-ஐப் பள்ளிகளில் விதை நாளாக்குங்கள். நடவை அந்தந்த மாவட்டத்தின் மழையைப் பார்த்துத் தலைமையாசிரியரே முடிவு செய்யட்டும்.

இரண்டாவது, கோடை விடுமுறையில் தண்ணீர் ஊற்றும் பொறுப்பை மேலாண்மைக் குழுவிடம் கொடுங்கள். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோர்தான். சித்திரை, வைகாசியில் ஆசிரியர்கள் சொந்த ஊருக்குப் போயிருப்பார்கள். நாங்கள் இங்கேயேதான் இருப்போம். முறை வைத்து ஊற்றுவது பெரிய காரியமல்ல.

மூன்றாவது, எத்தனை நட்டீர்கள் என்று கேட்பதை விட்டு, போன ஆண்டு நட்டதில் எத்தனை நிற்கின்றன என்று கேளுங்கள். எண்ணிச் சொல்பவர்கள் மாணவர்களாகவே இருக்கட்டும். காய்ந்த கன்றுக்காக எந்த ஆசிரியரிடமும் விளக்கம் மட்டும் கேட்டுவிடாதீர்கள். கேட்டால், காகிதத்தில் எல்லாக் கன்றும் பிழைத்துவிடும். ஆடு தின்றதா, தண்ணீர் போதவில்லையா, இடம் சரியில்லையா என்று பிள்ளைகள் காரணத்தை எழுதிவைத்தால், அடுத்த ஆண்டு நடுகிறவர்களுக்கு உதவும்.

இதற்குப் புதிய திட்டமோ அமைப்போ வேண்டாம். 2001-இல் தொடங்கிய தேசியப் பசுமைப் படையும் சுற்றுச்சூழல் மன்றங்களும் பள்ளிகளில் இருக்கின்றன. ஒரு சுற்றறிக்கை போதும். வரும் கோடை விடுமுறைக்கு முன்பே அது வந்துவிட்டால், பால் கவர் சேர்க்கவும் மண் கலந்துவைக்கவும் எங்களுக்கு அவகாசம் கிடைக்கும்.

இப்படிக்கு,
ஓர் அரசுப் பள்ளி மாணவரின் பெற்றோர்