யாருக்குப் போதும் இந்த முழங்கால்?

"வீட்டு வேலைக்கு இந்தக் கால் தாராளமாப் போதும்மா" என்றார் மருத்துவர். அறுவைச் சிகிச்சை முடிந்து ஆறாவது மாதம் அது. நான் கேட்டிருந்த கேள்வியோ வேறு. "எப்போது சிலம்பம் சுற்றலாம்?" என்றுதான் கேட்டேன்.

எனக்கு 44 வயது. கல்லூரியில் தமிழ் கற்பிக்கிறேன். மகளைச் சிலம்ப வகுப்பில் சேர்க்கப் போய், 38 வயதில் நானும் கம்பெடுத்தேன். சென்ற ஆண்டு ஒரு மாலையில் இடது காலை ஊன்றி உடம்பைத் திருப்பினேன். உடம்பு திரும்பியது, பாதம் மண்ணிலேயே நின்றுவிட்டது. முழங்காலுக்குள் 'டப்' என்று ஒரு சத்தம். ஏ.சி.எல். என்று சொல்கிறார்களே, அந்த இணைப்புநார் அறுந்திருந்தது. தொடையின் பின்பக்கத்திலிருந்து தசைநாரை எடுத்து, எலும்பில் துளையிட்டு, அறுந்ததன் இடத்தில் பொருத்தினார்கள்.

அந்தப் 'போதும்' என்ற சொல்லோடுதான் எனக்குச் சண்டை.

பிசியோதெரபி கூடத்தில் என் கையில் ஒரு தாள் கொடுத்தார்கள். நான் அடைய வேண்டிய இலக்குகள் அதில் இருந்தன: படி ஏறுதல், தரையில் உட்கார்ந்து எழுதல், அரை மணி நேரம் நின்று சமைத்தல். அடுத்த கட்டிலில் என் வயதை ஒத்த ஓர் ஆண் இருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஷட்டில் ஆடுபவர். அவருக்கும் அதே நார், அதே அறுவைச் சிகிச்சை. அவருடைய தாளில் ஓட்டம் இருந்தது, ஒற்றைக்காலில் தாண்டுதல் இருந்தது, ஓடும்போதே திசை மாறுதல் இருந்தது. முதல் நாளே அவரிடம், "எப்ப சார் கோர்ட்டுக்குத் திரும்பணும்?" என்று கேட்டார்கள். என்னிடம் கேட்டது, "வீட்ல உதவிக்கு ஆள் இருக்காங்களா?"

இது மரியாதைக் குறைவு மட்டுமென்றால் ஒரு கவிதை எழுதி ஆறியிருப்பேன். ஆனால் இதில் ஆபத்தும் இருக்கிறது. இந்த அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு ஆட்டத்துக்குத் திரும்பக் குறைந்தது ஒன்பது மாதமாவது காத்திருக்க வேண்டும், சிகிச்சை செய்த காலின் வலு மற்றக் காலின் வலுவில் 90 சதவீதத்தையாவது எட்ட வேண்டும் என்பது விளையாட்டு மருத்துவத்தில் பரவலாக ஏற்கப்பட்ட அளவுகோல். அவசரப்பட்டுத் திரும்பினால் நார் மறுபடியும் அறுந்துபோகும் வாய்ப்பு அதிகம். இதைப் படித்துவிட்டு நானாகப் போய்க் கேட்ட பிறகுதான் என் காலின் வலுவை அளந்தார்கள். 71 சதவீதம். 'தாராளமாகப் போதும்' என்று சொல்லப்பட்ட கால் அது. அதை நம்பி மறுவாரமே களத்தில் இறங்கியிருந்தால்? அறுந்திருந்தால் அப்போதும் என் வயதைத்தான் குறை சொல்லியிருப்பார்கள்.

கால்பந்து, கூடைப்பந்து போன்ற ஆட்டங்களில் ஆண்களைவிடப் பெண்களுக்கு இந்த நார் அறுவது இரண்டு மூன்று மடங்கு அதிகம். காரணம் தேடியவர்கள் முதலில் எங்கள் உடம்புக்குள்தான் தேடினார்கள். இடுப்பெலும்பின் அகலம், மாதவிடாய், ஹார்மோன் என்று பட்டியல் நீண்டது. உடம்பில் வேறுபாடே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஊன்றவும் குதித்து இறங்கவும் முறையாகப் பழக்குகிற பயிற்சிகளைத் தொடர்ந்து செய்யும் பெண்களுக்கு இந்தக் காயம் ஏறக்குறையப் பாதியாகக் குறைகிறது என்றும் ஆய்வுகள் காட்டுகின்றன. உடம்புதான் விதியென்றால் பயிற்சியால் பாதி விதி எப்படி மாறும்? ஒரு பையன் ஆறு வயதில் தெருவில் குதிக்கத் தொடங்குகிறான். அதே வயதில் பெண்ணிடம் "குதிக்காதே" என்கிறோம். முப்பது வருடம் கழித்து அவள் கால் தடுமாறினால் இடுப்பெலும்பை அளக்கிறோம்.

நான் படித்த தமிழுக்கும் இதில் பங்குண்டு. அனிச்சமும் அன்னத்தின் இறகும்கூடப் பெண்ணின் பாதத்தைக் குத்தும் என்கிறது காமத்துப்பால். அடி முதல் முடி வரை வருணிக்கும் புலவர்களுக்குப் பெண்ணின் தொடை வாழைத்தண்டு. வாழைத்தண்டுக்கு ஏது முழங்கால்? அது மடங்காது, ஊன்றாது, உதைக்காது. இந்த உவமைகளை எத்தனையோ ஆண்டுகள் சிரிக்காமல் பாடம் நடத்தியிருக்கிறேன்.

"இனிமே எதுக்குடி உனக்கு அதெல்லாம்?" என்றாள் அம்மா. கேட்டுவிட்டு, கட்டிலைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தாள். அவளுக்கு இரண்டு முழங்கால்களும் தேய்ந்துவிட்டன. விளையாடித் தேய்ந்தவை அல்ல. குத்துக்காலிட்டு விறகடுப்பு ஊதி, துணி துவைத்து, வாசல் தெளித்து, குடம் சுமந்து தேய்ந்தவை. அந்த ஐம்பது வருடத்தில் ஒருவராவது அவளிடம் "இனிமே எதுக்கு உனக்கு அடுப்படி?" என்று கேட்டதுண்டா?

கேட்கத் தவறியவர்களில் நானும் ஒருத்தி. எனக்குச் சம்பளத்தோடு மருத்துவ விடுப்பு கிடைத்தது. நான் காலை நீட்டிப் படுத்திருந்த நாள்களில் என் வீட்டு வேலையையும் சேர்த்துத் தாங்கியவை, பாத்திரம் துலக்க வரும் அக்காவின் முழங்கால்கள். அவரும் சுவரைப் பிடித்துத்தான் எழுகிறார். அந்தக் கால் என் வீட்டுக்குப் போதும் என்று நானும் நினைத்திருந்தேன் என்பதை எழுதாமல் இந்தக் கட்டுரையை முடிக்க முடியாது. இப்போது அவர் நின்றபடி துலக்க மேடை இருக்கிறது. ஊதியத்தோடு வார விடுப்பும் இருக்கிறது. கேட்கவே வெட்கமாக இருக்கும் அளவுக்குச் சின்ன மாற்றம்.

"தற்காப்புக்கா கத்துக்கிறீங்க?" என்று கேட்பவர்களும் உண்டு. பெண் கம்பெடுக்கச் சமூகம் அனுமதிக்கும் ஒரே காரணம் அதுதான். அரசுப் பள்ளி மாணவிகளுக்குத் தரப்படும் மூன்று மாதப் பயிற்சிக்கும் தற்காப்பு என்றுதான் பெயர். யாரோ ஒருவன் தாக்கப்போகிறான் என்ற பயத்தின் பேரில் மட்டும் எங்கள் உடம்பு வலுப்பெறலாம், மகிழ்ச்சிக்காகக் கூடாது. வடகரை மீனாட்சி அம்மாவைப் பாருங்கள். பெண் குழந்தைகள் பருவமடைந்ததும் களரியை விட்டுவிடுவது வழக்கமாக இருந்த காலத்தில் அவர் விடவில்லை. எழுபது வயதைக் கடந்தும் வாள் பிடித்தார், கற்பித்தார். 2017இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அந்தப் படத்தைப் பகிர்ந்து கைதட்டியவர்களில் எத்தனை பேர் தங்கள் மகள் வயதுக்கு வந்த பிறகும் அவளைப் பயிற்சிக்கு அனுப்பினார்கள்? எங்கள் களத்தில் பத்து வயதுச் சிறுமிகள் நிறைய. பதினான்கு வயதில் என் மகளையும் சேர்த்து மூன்று பேர்.

பதினோராம் மாதம் அளந்தபோது 92 சதவீதம். மறுநாளே களத்துக்குப் போனேன். ஆசான் கம்பைத் தரவில்லை. "கம்பு எங்கயும் ஓடிராது டீச்சர். முதல்ல காலடி" என்றார். இடது காலை ஊன்ற வேண்டிய இடத்தில் பயந்தேன். இன்னும் பயப்படுகிறேன். ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் அடிவைத்துப் பழகிவிட்டு, வீங்கிய முழங்காலோடு வீடு வந்து ஐஸ் வைத்தேன்.

இதைப் படிக்கிற உங்களில் யாருக்காவது நாளைக்கு முழங்காலோ தோளோ முதுகோ பழுதாகலாம். "இது போதும்மா" என்று யாராவது சொன்னால், எதற்குப் போதும் என்று கேளுங்கள். அளந்து காட்டச் சொல்லுங்கள். தாளில் உங்கள் விருப்பம் இல்லையென்றால் பேனாவை வாங்கி நீங்களே எழுதுங்கள். சமையலுக்குக் கீழே நான்காவது வரியாக நான் எழுதினேன்: சிலம்பம்.