இரும்புக் கம்பியும் மனிதன் குணமும்

சென்ற இதழ் வெளிவந்த பின்னர் நம் சங்கத்து இல்லமொன்றிலிருந்து ஒரு கடிதம் வந்தது. பெயர் வேண்டாமென்று எழுதிய அம்மையார் கேட்டுக்கொண்டிருப்பதால் ஊரையும் சேர்த்தே விட்டுவிடுகிறோம். மாமனாருக்கு எழுபது வயது. எவரையும் ஒருமையில் விளித்தறியாதவர். சென்ற ஆண்டு பக்கவாதம் கண்டது. கையும் காலும் பெரும்பாலும் திரும்பிவிட்டன, மனிதர்தாம் திரும்பவில்லை. அடுக்களையை நோக்கி வசைமொழிகிறார். விருந்தினர் எதிரில் சொல்லத் தகாதன சொல்கிறார். பேரப்பிள்ளையின் தட்டிலிருந்து எடுத்து உண்கிறார். "இத்தனை காலமும் மனத்துள் மறைத்து வைத்திருந்தவைதாம் இப்போது வெளிவருகின்றனவா? இது அவர் குற்றமா, நோயின் குற்றமா? ஊருக்கு அனுப்பிவிடு என்கிறார் என் கணவரின் தமையனார்" என்று எழுதியிருக்கிறார்.

நாம் மருத்துவம் பயின்றோமில்லை. மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்திவிட்டு இருப்புப்பாதை இலாகாவில் கணக்கெழுதிப் பிழைக்கிறோம். ஆயினும் இக்கேள்விக்கு விடை தேடப் புகுந்தால் மூளை நூல்களில் முதற்கண் எதிர்ப்படுகிறவர் ஓர் இருப்புப்பாதை மேஸ்திரியே ஆதலால், எழுதுவதற்குச் சிறிது உரிமை உண்டென்று கொள்கிறோம்.

1848-ஆம் ஆண்டு செப்டம்பர் 13-ஆம் நாள். அமெரிக்க நாட்டின் வெர்மான்ட் மாநிலத்தில் காவண்டிஷ் என்னும் சிற்றூருக்கருகே புதுப்பாதை போடுவதற்காகப் பாறையை உடைத்துக்கொண்டிருந்தார்கள். பாறையில் துளையிட்டு, வெடிமருந்தும் திரியும் வைத்து, மேலே மணலைக் கொட்டி, இரும்புக் கம்பியால் இடித்துக் கெட்டிப்படுத்த வேண்டும். அவ்வேலையின் மேஸ்திரி ஃபினியஸ் கேஜ் என்பவர், வயது 25. அன்று மாலை கம்பி பாறையில் உரசிப் பொறி எழுந்தது, மருந்து வெடித்தது. 3 அடி 7 அங்குல நீளமும் ஏறக்குறைய 6 கிலோ எடையும் உள்ள அக்கம்பி அவருடைய இடக் கன்னத்தின் வழியே புகுந்து, கண்ணுக்குப் பின்னால் ஏறி, உச்சந்தலையைப் பிளந்துகொண்டு வெளியேறி, சுமார் 80 அடி தொலைவில் போய் விழுந்தது.

கேஜ் இறக்கவில்லை. சில நிமிடங்களில் பேசினார். மாட்டுவண்டியில் நிமிர்ந்து உட்கார்ந்தபடி தாம் தங்கியிருந்த விடுதிக்கு வந்து சேர்ந்தார். வாயிலில் அமர்ந்து, வந்த வைத்தியரிடம் நடந்ததைத் தாமே விவரித்தார். பின்னர் பொறுப்பேற்ற ஜான் ஹார்லோ என்னும் கிராமத்து வைத்தியர், சீழும் காய்ச்சலுமாகச் சென்ற வாரங்களைக் கடந்து அவரைப் பிழைக்க வைத்தார். இடக்கண் பார்வை போயிற்று. நடை, பேச்சு, நினைவு யாவும் நின்றன.

போனது வேறொன்று. ஹார்லோ 1868-இல் எழுதிய அறிக்கையின்படி, விபத்துக்கு முன் கேஜ் திறமையும் நிதானமும் உடையவர். ஒப்பந்தக்காரர்களுக்கு அவரைப் போன்ற மேஸ்திரி வேறொருவர் இல்லை. விபத்துக்குப் பின் கடுஞ்சொல் பேசுபவராய், பொறுமையற்றவராய், பிடிவாதமும் சஞ்சலமும் ஒருங்கே உடையவராய், ஒரு திட்டம் வகுத்து அடுத்த கணமே அதைக் கைவிடுபவராய் மாறினார். இவர் பழைய கேஜ் அல்லர் என்றே நண்பர்கள் கூறினராம். ஒப்பந்தக்காரர்கள் பழைய வேலையைத் தரவில்லை. அந்நாளில் சேம நிதி ஏது, உடல் ஊனத்திற்கு மாற்று வேலை ஏது! தம் மண்டையைத் துளைத்த கம்பியையே துணையாகக் கொண்டு திரிந்தார். 1860-இல் வலிப்புக் கண்டு 36 வயதில் இறந்தார். மண்டையோடும் கம்பியும் இன்றும் ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியின் வாரன் அருங்காட்சியகத்தில் உள்ளன. 1994-இல் ஹன்னா டமாசியோ முதலியோர் அம்மண்டையோட்டை அளந்து, கம்பி சென்ற வழியைக் கணிப்பொறியில் வரைந்து பார்த்தனர். நெற்றிக்குப் பின்னுள்ள முன்மூளையே பாழானது. வலப்பக்கமும் சேதமுற்றதா என்பதில் பின்வந்தோர் வேறுபடுகின்றனர். இடப்பக்கத்தைப் பற்றி ஐயமில்லை.

கதை இத்தோடு முடிந்துவிட்டதாகவே பல பாட புத்தகங்கள் எழுதுகின்றன. குடிகாரனாய், நாடோடியாய், ஒன்றுக்கும் உதவாதவனாய் அழிந்தான் என்று அவரவர் மனம் போல் சேர்த்தும் விடுகின்றனர். ஆஸ்திரேலிய உளவியல் அறிஞர் மால்கம் மக்மில்லன் மூல ஆவணங்களைத் தேடிப் படித்து, இவற்றுக்கு ஆதாரமில்லை என்று காட்டினார். 1852-இல் கேஜ் தென்னமெரிக்காவின் சிலி நாட்டுக்குச் சென்றார். ஏறக்குறைய 7 ஆண்டுகள் குதிரை பராமரித்தும் பயணிகள் வண்டி ஓட்டியும் பிழைத்தார். பல குதிரை பூட்டிய வண்டியை மலைப்பாதையில் செலுத்துவதும், பயணிகளோடு ஒத்துப்போவதும், குறித்த வேளையில் புறப்படுவதும் பித்தன் செய்யும் காரியங்களா? நாள்தோறும் ஒரே வேளை, ஒரே வேலை, ஒரே வழி என்னும் கட்டுப்பாடே, உள்ளே இழந்த கட்டுப்பாட்டுக்கு ஒரு முட்டுக்கட்டையாய் நின்று தாங்கியது என்பது மக்மில்லனின் கருத்து. கேஜ் கதையில் நமக்கு மிகவும் பயன்படுவது இப்பகுதிதான். இதையே பலர் விட்டுவிடுகின்றனர்.

இனித் தத்துவ ஞானிகளிடம் போவோம். மனம் வேறு, உடல் வேறு. மூளை நடுவிலுள்ள ஒரு சிறு சுரப்பியில் அவ்விரண்டும் சந்திக்கின்றன என்றார் 17-ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு அறிஞர் டேக்கார்ட். இடத்தையே அடைக்காத ஆன்மா, இடமடைக்கும் உடலை எங்ஙனம் உந்தித் தள்ளும் என்று பொஹீமியா இளவரசி எலிசபெத் 1643-இல் அவருக்குக் கடிதம் எழுதிக் கேட்டார். அவர் தந்த விடைகள் இளவரசிக்கு நிறைவளிக்கவில்லை. நமக்கும் அளிக்கவில்லை. இரும்புக் கம்பி உடலைத்தானே துளைத்தது. பண்பு ஏன் மாறிற்று?

நம் நாட்டார் இதை வேறு வகையில் பார்த்திருக்கின்றனர். மணிமேகலையின் 27-ஆம் காதையில் வரும் பூதவாதி, பூவும் வெல்லமும் பிறவும் கூடியவிடத்துக் கள்ளின் மயக்கம் பிறப்பதுபோலப் பூதங்கள் கூடியவிடத்து உணர்வு பிறக்கிறது என்று வாதிடுகிறான். இன்றைய ஆய்வுக்கூடத்தில் அவனுக்கு ஒரு நாற்காலி நிச்சயம் உண்டு. ஆனால் கண்ணால் கண்டதன்றி எதையும் ஒப்பேன் என்ற அவனைப் பார்த்து, உன் தாய் தந்தையரை அனுமானத்தாலன்றி எவ்வாறு அறிந்தாய் என்று மணிமேகலை கேட்ட கேள்வியும் அங்கேயே இருக்கிறது. சாங்கியரோ மனம், புத்தி, அகங்காரம் மூன்றையும் பிரகிருதி எனும் சடத்தின் பக்கமே வைத்தனர். புருடன் வெறும் சாட்சி. அவர்கள் கணக்கில் கம்பி பட்டுப் புத்தி கெடுவது வியப்பன்று. டேக்கார்ட்டுக்கு நேர்ந்த சங்கடம் சாங்கியருக்கு நேர்வதில்லை. ஆனால் அந்தச் சாட்சி யார், அவருக்கு இதில் என்ன வேலை என்று கேட்டால் அங்கே வேறொரு சங்கடம் தொடங்கிவிடும். அதை இப்பத்தியில் தீர்க்க முற்படோம்.

அம்மையார் கேள்விக்கு வருவோம். மறைத்து வைத்திருந்தது வெளிவருகிறதா? இக்கேள்வியில் ஒரு படம் ஒளிந்திருக்கிறது: உள்ளே உண்மையான மனிதர் ஒருவர், மேலே மரியாதை என்னும் மூடி, மூடி உடைந்தவுடன் உண்மை வெளிப்பட்டது என்பது அப்படம். இப்படம் தவறு என்பதே நம் கருத்து. தகாத எண்ணம் எவர் மனத்தில்தான் எழுவதில்லை? மாதக் கடைசியில் கணக்கு ஒத்துவராத நாளில் நம் மனத்தில் எழும் சொற்களை அச்சிட்டால் இவ்விதழ் விற்பனைக்கு உதவாது. எழுவனவற்றுள் இதைச் சொல், இதை விடு என்று ஒவ்வொரு கணமும் தெரிந்தெடுக்கும் வேலை இருக்கிறதே, அதுதான் குணம். அவ்வேலையில் முன்மூளைக்குப் பெரும் பங்குண்டு. உங்கள் மாமனார் நாற்பது ஐம்பது ஆண்டுகள் அடக்கி நடந்தாரே, அந்த அடக்கம் அவர் போர்த்திருந்த போர்வையன்று, அதுவே அவர்.

"மூளைதான் செய்கிறது, அவர் செய்யவில்லை" என்று எளிதாய் முடித்துவிடுவதும் நமக்கு உடன்பாடன்று. மூளை அவருக்குள் குடியிருக்கும் வேறொரு ஆள் அல்ல. இன்றைய வசை மூளையின் செயலானால் அன்றைய பணிவும் அதே மூளையின் செயல்தானே. குற்றம் என்பதற்கு அடக்கிக்கொள்ளும் வல்லமை வேண்டும். அது எவ்வளவு குறைந்ததோ அவ்வளவுக்குக் குற்றமும் குறையும். ஆனால் வசை கேட்பவருக்கு வலி குறைவதில்லை. நோயென்று தெரிந்தபின்னும் அடுக்களையில் நிற்பவர் அழத்தான் செய்வார். ஊருக்கு அனுப்பு என்கிற தமையனார், அங்கே அவரைப் பார்ப்பவர் எவர் என்பதையும் சேர்த்தே எழுதட்டும். பழகிய நாற்காலி, பழகிய வேளை உணவு, பழகிய நடைப்பாதை ஆகியவற்றைக் குலைத்தால் கேஜுக்குச் சிலியில் கிடைத்த முட்டுக்கட்டை இவருக்கு இல்லாமற் போகும். பாரத்தைப் பங்கிட வேண்டுமானால் தமையனார் ஆண்டில் சில மாதம் இங்கு வந்து தங்கலாம்.

கடிதத்தின் ஓரத்தில் இன்னொரு வரியும் இருந்தது: இந்தி சரளமாகப் பேசியவர் இப்போது தமிழே பேசுகிறாராம், பேரப்பிள்ளைகளுக்குப் பாதி விளங்குவதில்லையாம். இதுவும் அறிந்த செய்தியே. முதலில் கற்ற மொழி நிலைக்கும் என்றார் பிரெஞ்சு அறிஞர் ரிபோ, 1881-இல். அதிகம் பழகிய மொழியே முதலில் திரும்பும் என்றார் பீத்ரே, 1895-இல். நோயாளிகள் இருவர் விதிக்கும் கட்டுப்படுவதில்லை. ஹைதராபாத்தில் சுவர்ணா அல்லாடி முதலியோர் 648 நோயாளிகளை ஆராய்ந்து 2013-இல் வெளியிட்ட செய்தி நம்மவர்க்கு உவப்பானது: ஒரு மொழி மட்டும் அறிந்தோரைவிட, ஒன்றுக்கு மேற்பட்ட மொழி அறிந்தோருக்கு மறதி நோய் நாலரை ஆண்டு பிந்தியே தோன்றியிருந்தது, எழுத்தறியாதாரிடமும் அவ்வாறே. பிள்ளைகளுக்கு வீட்டில் தமிழ் கற்பிப்பது வீண்சுமை என்பாருக்கு இதைச் சொல்லலாம். தாத்தா பேசுவது புரிந்தால் அதுவே போதும் என்பாரும் உளர்.

கடைசியாக ஒன்று. பக்கவாதத்திற்குப் பின் வந்த மாறுதல் யாவும் பக்கவாதத்தால் வந்ததாகா. முதியோர் எப்போதோ விழுந்து தலையில் பட்ட அடியால் மண்டைக்குள் மெல்ல இரத்தம் சேர்ந்து, வாரங்கள் கழித்துக் குணம் மாறுவதுண்டு. இரத்தத்தில் உப்புக் குறைவு, சிறுநீரில் கிருமி, புதிதாய்த் தொடங்கிய மாத்திரை ஆகியவையும் இதையே செய்யும். இவற்றுள் பலவற்றைச் சரிப்படுத்தலாம். ஆதலின் மாறுதல் என்று தொடங்கிற்று, சிறுகச் சிறுக வந்ததா, ஓரிரு நாளில் வந்ததா, எந்த வேளையில் மிகுகிறது, என்னென்ன மருந்து உண்கிறார், எப்போதேனும் விழுந்தாரா என்பவற்றைத் தேதியிட்டு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி, நரம்பியல் மருத்துவரிடம் கொண்டு போங்கள். அவர் அறையில் கிடைக்கும் ஐந்து நிமிடத்தில் எதுவும் நினைவுக்கு வருவதில்லை.