பழைய வண்டின்னா சத்தம் போடத்தான் செய்யுமா?

எங்க ஊர்ப் பக்கம் ஒரு வாக்கியம் இருக்கு மக்களே. கார் வச்சிருக்கிற யாரைக் கேட்டாலும் சொல்வாங்க. "பழைய வண்டி இல்லப்பா, சத்தம் வரத்தான் செய்யும்." இந்த வாக்கியத்தின் மேல எனக்கு இருக்கிற கோபத்தை இன்னிக்கு கொட்டித் தீர்த்துடறதுன்னு உட்கார்ந்திருக்கேன். மெக்கானிக்கல் படிக்கிறவன் எழுதினா தூக்கம் வரும்னு நினைக்கிறவங்க இப்பவே ஓடிடலாம்.

எங்க வீட்டு வண்டி 2004 மாடல் மாருதி ஆம்னி. வல்லத்துல இருந்து திண்டிவனம், செஞ்சி, அமாவாசைன்னா மேல்மலையனூர். இதுதான் அதோட உலகம். அறுவடை நேரத்துல பின் சீட்டை மடக்கிட்டு வேர்க்கடலை மூட்டை ஏத்துவோம். மத்த நாள்ல சொந்தக்காரங்களை ஏத்துவோம். (எடை ரெண்டும் ஒண்ணுதான்.)

போன வருஷம் அதோட ஸ்டியரிங் பேச ஆரம்பிச்சது. நின்ன இடத்துல திருப்பினா "கிரீச்". பள்ளத்துல விழுந்தா "டக்". மலையனூர் போய்த் திரும்பின ராத்திரி பெரியம்மா பின்னாடி உட்கார்ந்து, "என்னாடா, வண்டி அழுவுது?"ன்னு கேட்டாங்க. அப்பா என்ன பண்ணார் தெரியுமா? பாட்டு சத்தத்தைக் கூட்டி வச்சார். நம்ம ஊர்ல பாதி வண்டிக்கு ரிப்பேர் இப்படித்தான் நடக்குது.

முதல் பட்டறைக்குப் போனோம். பேர் வேண்டாம். ஒரு பையன் வந்தான், ஆயில் கேனை எடுத்தான், ஸ்டியரிங் தண்டு தரைக்குள்ள இறங்குற இடத்துல நாலு சொட்டு விட்டான். "அவ்ளோதாண்ணே" என்றான். "கிரீச்" போச்சு. பதினஞ்சு நாள் கழிச்சு தம்பி தங்கச்சியோட திரும்பி வந்தது. ரெண்டாவது பட்டறையில பெரியவரே வந்து ஓட்டிப் பார்த்தார். "ஸ்டியரிங் பாக்ஸே போச்சு தம்பி, செட்டா மாத்தணும். கூலியோட எட்டாயிரம் ஆவும்" என்றார். அப்பா என் முகத்தைப் பார்த்தார். மூணு வருஷமா ஃபீஸ் கட்டி படிக்க வைக்கிறாரே, அந்தப் பார்வை.

இங்கதான் என் வாதம் ஆரம்பிக்குது. சத்தம் நோய் இல்ல, நோயோட முகவரி. அதை ஆயில் ஊத்தி அடக்கறவனும் தப்பு பண்றான், வந்த முகவரியைப் படிக்காம தெருவையே இடிக்கச் சொல்றவனும் தப்பு பண்றான்.

முகவரி எப்படிப் படிக்கிறது? இஞ்சினை நிறுத்திட்டு ஸ்டியரிங் லாக்கை விடுவிச்சுக்கோங்க. வண்டி நிக்கும்போதே மெதுவா இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்புங்க. சத்தம் உங்க மடிக்கு மேலயே கேட்டா, பிளாஸ்டிக் கவர் உரசுது, இல்லைன்னா ஹாரன் தகடு காய்ஞ்சு போய் தேய்க்குது, இல்லைன்னா தண்டோட மேல் புஷ் தேஞ்சிருக்கு. ஆபத்துல குறைஞ்ச வகை இதுதான், அதுலயும் புஷ் தேஞ்சிருந்தா மாத்திடணும். காலடியில கேட்டா அநேகமா தண்டு வெளியே போற இடத்து ரப்பர். அதுக்கு சிலிக்கான் கிரீஸ் தொட்டு வச்சா போதும். டீசலும் இஞ்சின் ஆயிலும் ரப்பரை உப்ப வச்சுக் கெடுக்கும். அந்தப் பையன் ஊத்தினது என்னன்னு இப்பப் புரியுதா? சத்தத்துக்கு மருந்தும் ரப்பருக்கு விஷமும் ஒரே கேன்ல!

நின்ன இடத்துல திருப்பும்போது முன் சக்கரத்துக்கு மேல இருந்து ஸ்பிரிங் முறுக்கி விட்ட மாதிரி "டொய்ங்"னு வந்தா, அது சஸ்பென்ஷன் தலையில இருக்கிற பேரிங். ஒருத்தர் திருப்ப, இன்னொருத்தர் ஸ்பிரிங் மேல கை வச்சா விரலுக்கே தெரியும். பவர் ஸ்டியரிங் வண்டியில ஊளைச் சத்தம்னா முதல்ல ஆயில் அளவைப் பாருங்க, அப்புறம் பெல்ட்.

பள்ளத்துல "டக்" வருதே, அதுக்குத்தான் நான் இவ்வளவு எழுதறேன். அது பெரும்பாலும் டை ராட் எண்ட், இல்ல பால் ஜாயின்ட், இல்ல ரேக்குக்குள்ள இருக்கிற புஷ். டை ராட் எண்ட்டுங்கிறது உங்க தோள்பட்டை மூட்டு மாதிரி ஒரு குண்டும் கிண்ணமும். ரேக்கோட அசைவை சக்கரத்துக்குக் கொண்டு போறது அதுதான். மேல ஒரு ரப்பர் உறை இருக்கும். உறை கிழிஞ்சா உள்ள இருக்கிற கிரீஸ் வெளிய வரும், ரோட்டு மண்ணு உள்ள போகும். அப்புறம் மண்ணே அரம் மாதிரி குண்டைத் தேய்க்கும். ரொம்பத் தேஞ்சா ஒரு நாள் குண்டு கிண்ணத்தை விட்டுக் கழண்டுடும். அப்ப நீங்க ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் வேணா திருப்புங்க, அந்தச் சக்கரம் அது இஷ்டத்துக்குப் போகும். திண்டிவனம் ரோட்டுல எதிர்ல கரும்பு லாரி வர்றப்ப இது நடந்தா? பாட்டு சத்தத்தைக் கூட்டி வைக்கிற ஆளுங்க கொஞ்சம் யோசிங்க.

"கிரீஸ் அடிச்சா சரியாயிடும்"னு இன்னொரு வைத்தியம் சொல்வாங்க. அது அம்பாசடர் காலத்து ஞானம். அந்த வண்டிகள்ல கிரீஸ் அடிக்கறதுக்குன்னே அங்கங்க நிப்பிள் வச்சிருந்தாங்க, தவறாம அடிச்சா வண்டி மாமாங்கம் ஓடும். அம்பாசடர் உற்பத்தியே 2014-ல நின்னு போச்சு, அந்த ஞானம் மட்டும் இன்னும் நிக்கல. ஆம்னியோட மூட்டு மூடி வச்ச மூட்டு. வெளியில கிரீஸ் தடவறது, வயித்து வலிக்கு சட்டை மேல தைலம் தேய்க்கிற கதை. இதைவிட மோசம் ஒண்ணு இருக்கு. ரேக்கை இறுக்கற நட்டை முறுக்கி சத்தத்தை அடக்கறது. சத்தம் குறையும், ஆனா வளைவுல திருப்பின ஸ்டியரிங் தானா நேராகாம அப்படியே நிக்கும். காசு கொடுத்து ஆபத்தை வாங்கற வித்தை அது.

சரி, எங்க கதைக்கு வர்றேன். ஒரு ஞாயித்துக்கிழமை வாசல்ல வண்டியைச் சமதரையில நிறுத்தி, பின் சக்கரத்துக்குக் கல் வச்சேன். முன்பக்கம் ஜாக்கி. (ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் அடியில படுக்காதீங்க, தாங்கு கட்டை வைங்க.) சக்கரத்தை ஒன்பது மணிக்கும் மூணு மணிக்கும் பிடிச்சு ஆட்டினேன். இடது பக்கம் கல்லு மாதிரி இருந்தது. வலது பக்கம் "டக் டக்". பன்னெண்டு - ஆறு மணியில பிடிச்சு ஆட்டினா ஒண்ணும் இல்ல, அதனால பேரிங் மேல சந்தேகம் குறைஞ்சது. ஜாக்கியை இறக்கிட்டு அப்பாவை ஸ்டியரிங்கைச் சின்னதா ஆட்டச் சொல்லி, மூட்டு மேல கை வச்சேன். கையிலேயே அடிச்சது. உறை கிழிஞ்சு, உள்ள செம்மண்ணு.

மூணாவதா ஒரு மெக்கானிக் அண்ணன்கிட்ட இதை மட்டும் சொன்னோம். மாத்தினது ரெண்டு பக்க டை ராட் எண்ட், புது ஸ்பிளிட் பின், கடைசியில வீல் அலைன்மென்ட். (டை ராட் எண்ட் கழட்டினா அலைன்மென்ட் பார்த்தே ஆகணும், இல்லைன்னா டயர் ஒரு பக்கமாத் தேயும்.) எட்டாயிரத்துல கால்வாசிகூட ஆகல. ஸ்டியரிங் பாக்ஸ் நல்லாவே இருந்தது. எண்ணெயில ஊறின தரை ரப்பரும் புதுசு போட்டோம், "கிரீச்" அதோட போச்சு.

இப்போ மெக்கானிக்குகளை மட்டும் திட்டிட்டுப் போனா நான் யோக்கியன் இல்ல. அந்த மூணாவது அண்ணன் ஒண்ணு சொன்னார். "தம்பி, அரை மணி நேரம் படுத்துப் பார்த்து, 'ஒண்ணும் இல்லண்ணே, ரப்பர்தான்'னு சொன்னா எவனாவது நூறு ரூபா கொடுப்பானா? பொருள் மாத்தினாத்தானே கொடுக்கறீங்க?" பதில் சொல்ல முடியல. டாக்டர் தொட்டுப் பார்த்ததுக்கு ஃபீஸ் கொடுக்கிறோம். வண்டியைத் தொட்டுப் பார்த்தவனுக்குக் கொடுக்க மாட்டோம். அப்புறம் அவன் செட்டா மாத்தச் சொல்லாம என்ன சொல்வான்? கண்டுபிடிக்கிற வேலைக்குக் காசு கிடையாதுன்னு ஆக்கி வச்சது நாமதான்.

சர்க்காரும் இதே கணக்குதான் போடுது. 15 வருஷம் தாண்டின சொந்தக் காருக்கு ஆர்.சி. புதுப்பிக்க 600 ரூபாயா இருந்தது, 2022 ஏப்ரல்ல 5,000 ஆச்சு. 20 வருஷம் தாண்டினதுக்கு 2025-ல 10,000 ஆக்கிட்டாங்க. வயசுக்கு அபராதம்! பழைய இஞ்சின் புகை அதிகம் விடும், ஒத்துக்கறேன். சோதனையில தேறாத வண்டியை உடைங்க, தப்பே இல்ல. ஆனா இருபது வருஷ வண்டியில புது டை ராட் எண்ட் போட்டு ஓட்டறவனும், அஞ்சு வருஷ வண்டியில கிழிஞ்ச உறையோட ஓட்டறவனும் ரோட்டுல எதிரும் புதிருமா வந்தா, யாருக்கு யார் ஆபத்து? காலண்டரைப் பார்த்தா அது தெரியாது. சக்கரத்தைப் பிடிச்சு ஆட்டினாத்தான் தெரியும்.

"அவ்வளவு செலவு பண்றதுக்கு வித்துட்டுப் புதுசு வாங்கலாமே"ன்னு வகுப்புல ஒருத்தன் கேட்டான். வாங்கலாம்டா, உங்க அப்பா தவணை கட்டறதா இருந்தா.

அடுத்த அமாவாசைக்கு மலையனூர் போனோம். வண்டி சத்தமே இல்ல. செஞ்சி தாண்டினதும் பெரியம்மா, "என்னாடா, பின் கதவு கடகடங்குது?" என்றார். அப்பாவோட கை பாட்டுப் பெட்டி பக்கம் போச்சு. நான் பிடிச்சுட்டேன்.